எங்கள் வரிசையில் நின்ற ஜைனம்பு

போன புதன்கிழமை காலை சமுதாயக் கூடத்துக்கு எதிர்க் கடையில் மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். முன்பு எங்கள் கூடத்துக்கு வந்துகொண்டிருந்த கல்லூரிப் பிள்ளை ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"சார், ஜைனம்பு போயிட்டா."

"எங்க போயிட்டா? சனிக்கிழம வந்துருவால்ல?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. முதியவர்களான எங்கள் கூட்டத்தில் சாவுச் செய்தி புதிதில்லை. ஆனால் அது எங்கள் வயதுக்காரர்களுடையதாக இருக்கும். ஜைனம்புவுக்கு இருபது வயது. முந்தைய நாளே அடக்கமும் முடிந்துவிட்டதாம். கண்ணாடியை வாங்காமலே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவளோடு நின்று பயிற்சி செய்தவர்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பத்தொன்பதாம் வருஷம் நான் கம்பவுண்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம், ராஜபாளையத்தில் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் சனி, ஞாயிறு காலைகளில் முதியவர்களுக்கு உடற்பயிற்சி ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், இருபது பேர் வருவோம். மறு வருஷம் பெண்கள் கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்டத்தில் பன்னிரண்டு மாணவிகளை அனுப்பினார்கள். எங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் பதினோரு பேர் நின்றுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஜைனம்பு மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருஷம் வந்தாள்.

மற்ற பிள்ளைகள் முன்னால் நின்று எங்களுக்குச் செய்து காட்டுவார்கள். இவள் முதல் நாளே எங்களுக்கு நடுவில், வெங்கடம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். வெங்கடம்மா மில்லில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "ஏ அம்மாயி, தள்ளி நில்லு, கை இடிக்கும்" என்றார். தெலுங்கில் அது சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற வார்த்தை. நம் பக்கம் சில வீடுகளில் அம்மாவைப் பெற்றவளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். "பதினெட்டு வயசுல என்னய அம்மாயி ஆக்கிட்டீகளே ஆச்சி! பேரன் பேத்திக்கு நான் எங்க போவேன்?" என்று ஜைனம்பு கேட்டதும் கூடமே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவள் அம்மாயிதான்.

நான் அவளைத் திட்டியிருக்கிறேன். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கூடத்தைச் சுற்றி நடக்கும்போது அவள் பாதியில் சுவரோரம் நின்றுவிடுவாள். குனிந்து நிமிரும் பயிற்சி வந்தால், யாருக்காவது தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போய்விடுவாள். "சோம்பேறி, காலேஜ்ல படிச்சு என்னத்துக்கு, உடம்பு வளைய மாட்டேங்குதே" என்பேன். "நீங்க சுறுசுறுப்பா இருக்கீகல்ல சார், எனக்கும் சேத்துச் செய்ங்க" என்பாள்.

போன பொங்கலுக்கு, ஒரு முதியவரும் ஒரு மாணவியும் கைகோத்துத் தெருவைச் சுற்றி வருகிற நடைப்போட்டி வைத்தோம். அதற்காகப் பழைய மாணவிகள் சிலரும் வந்திருந்தார்கள். எனக்கு ஜோடி ஜைனம்பு. ஜெயித்தே தீருவது என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பாதித் தெருவில் கையை உருவிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"செருப்பு வாரு அந்துருச்சு சார்."

"கைல தூக்கிட்டு வா பிள்ள!"

"செத்த இருங்க சார். ஜெயிச்சா ஒரு டிபன் பாக்ஸ்தான தாராக."

வெங்கடம்மா வீங்கின காலோடு எங்களைத் தாண்டிப் போனார். எனக்குக் கோபம். அறுபத்தொரு வயதுக்காரனோடு நடக்க இந்தப் பெண்ணுக்கு ஏலவில்லையே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் சிரித்தாள். அறுந்த வார் எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்குகிறவர்களைத் தினந்தினம் பார்த்தவன் நான். மார்கழிக் காலையில் அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "ஸ்வெட்டர் போட்டுட்டு வா" என்று சொன்னேன்.

வியாழக்கிழமை வெங்கடம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கடைவீதிக்குப் பின்னால் சின்ன வீடு. ஜைனம்புவின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அழுது முடித்த முகம்.

"தல பின்னிக்கிட்டு இருந்தா. பாதிச் சடையில, 'அம்மா, செத்த புடி'ன்னா. நான் அடுப்பத் தணிச்சிட்டுத் திரும்பினேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

பதினோரு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அது இதய வால்வைக் கெடுத்துவிட்டது. மதுரையில் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். ஓடக்கூடாது, மாடி ஏறக்கூடாது. பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லோரும் விளையாடப் போனால் இவள் பைகளுக்குக் காவல் இருப்பாளாம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையேம்மா" என்றேன்.

"சொல்லக்கூடாதுன்னுட்டா சார். சொன்னா நாற்காலியப் போட்டு உக்கார வச்சிருவாகன்னா. டாக்டர்கிட்ட நாங்க கேட்டோம், பெரியவுக செய்யிற மாதிரி மெதுவாச் செய்யட்டும்னார். முத நாள் வந்து சொன்னா, 'அம்மா, அங்க நானும் வரிசைல நிக்கேன். நான் ஒருத்தி மட்டும் பிந்தலம்மா'ன்னு. அன்னைக்கு எம்புட்டுச் சந்தோசம் அவளுக்கு!"

அவள் நினைத்தது சரிதான். தெரிந்திருந்தால் நானே முதல் ஆளாக நாற்காலியைப் போட்டிருப்பேன். தெரியாததால் அவள் கையைப் பிடித்துத் தெருவில் இழுத்தேன். இதில் எது பெரிய தப்பு என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அந்தப் போட்டியைப் பற்றி அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். "அங்க என்னதான் செய்வா? வீட்ல செஞ்சு காட்டச் சொன்னா வெக்கப்படுவா. ஒருக்கா எனக்குக் காட்டுங்களேன்."

துக்க வீட்டில் எப்படி என்று நான் தயங்கினேன். வெங்கடம்மா எழுந்து புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மெல்லத் தூக்கினார். தோள் மட்டத்தில் நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டார். பிறகுதான் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

"இப்படித்தான் செய்வா உம் பிள்ள. நடுவுல நின்னு ஒரு மூச்சு வாங்கிக்குவா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையில் அந்த நிறுத்தம் கிடையாது. அது அவளுக்குத் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற வெங்கடம்மாவுக்குப் பிடித்துப்போய், அவரிடமிருந்து அடுத்தவர், அடுத்தவர் என்று இரண்டு வருஷத்தில் நாங்கள் இருபது பேருமே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம். நானும்தான். அந்த அம்மா வெங்கடம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தபடியே தன் கைகளை நீட்டித் தூக்கினார். தோள் வரை வந்து நிறுத்தினார். அதற்குமேல் போகவில்லை.

ஜைனம்புவினுடையது என்று என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இருப்பது, கை பாதி உயரத்தில் நிற்கும்போது நான் விடுகிற அந்த மூச்சு ஒன்றுதான். கூடத்துக்குப் புதிதாக யாராவது சொல்லிக்கொடுக்க வந்தால் அது தப்பு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.