அணைக்காத சூடம்

ரயில் புதுக்கோட்டையில் நின்றபோது இன்னும் விடியவில்லை. பாதித் தூக்கத்தில் இறங்கினேன். மீதித் தூக்கம் அன்று முழுவதும் என் கூடவே வந்தது. அதனால் இந்தப் பயணத்தில் பார்த்த சில இடங்கள் எனக்கே கொஞ்சம் கலங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. கேட்ட பேச்சு மட்டும் கலங்கவில்லை.

தாம்பரத்தில் இருந்தபடியே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். காலையில் நார்த்தாமலை, மதியம் கொடும்பாளூர் மூவர் கோயில், மறுநாள் மீமிசல் கடற்கரை. ஓய்வு பெற்ற பிறகு வருஷத்துக்கு ஒருமுறை இப்படித் தனியாகக் கிளம்பிவிடுவேன். வீட்டில் யாரும் தடுப்பதில்லை. தடுத்தால் கேட்கமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

வாடகைக் கார் ஆறு மணிக்கு வந்தது. ஓட்டுநர் பெயர் அறிவழகன், நாற்பது வயது இருக்கும். வண்டி படு சுத்தம். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. டேஷ்போர்டில் பிள்ளையார் இல்லை, முருகன் இல்லை, மாதா இல்லை. முன்னால் எலுமிச்சம்பழம்கூடக் கட்டவில்லை. வெறும் கண்ணாடி, அதற்கப்பால் ரோடு.

"சாமி படம் ஏதும் வைக்கலையாப்பா?"

"இல்லங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. எங்கப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

நான் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தேன். "இது இங்கே இருக்கட்டுமா?"

"தாராளமா இருக்கட்டும்ங்க" என்று அவரே வாங்கி, நழுவி விழாத இடமாகப் பார்த்து வைத்தார். எனக்கு அப்போதுதான் சாய்ந்து உட்கார முடிந்தது.

நார்த்தாமலை திருச்சி சாலையில் பதினேழு கிலோமீட்டர். வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். மலையடிவாரத்தில் அவர் வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டார். நான் பாறைச் சரிவில் மெல்ல ஏறினேன். மேலே விஜயாலய சோழீச்சுரம் இளவெயிலில் நின்றுகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. வட்டமான கருவறையைச் சுற்றி வந்தபோது என் காலடிச் சத்தம் எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது. ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகக் காற்று மட்டுமே வந்து போகும் இடம் மாதிரி இருந்தது. பாறையில் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்று சட்டென்று புரியவில்லை. அந்தப் புரியாமை சுகமாக இருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்தால், அறிவழகன் போனைக் கையில் பிடித்தபடி மரத்தடியில் நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு உதவி கேக்கலாமா? இன்னிக்குக் கொடும்பாளூர் வேணாம். நேரா மீமிசல் போயிருவோம். நாளைக்குக் கொடும்பாளூர் கூட்டிட்டுப் போறேன். போற வழியில அறந்தாங்கி தாண்டி எங்க ஊரு. அங்கன ஒரு அரை மணி நேரம் எனக்கு வேலை இருக்கு."

ஆயிரம் வருஷம் நின்ற கோயில் இன்னொரு நாள் நிற்காதா என்று நினைத்தேன். சரி என்றேன்.

புதுக்கோட்டை வழியாகத் திரும்பி அறந்தாங்கிச் சாலையில் போகும்போதுதான் அந்த வேலை என்னவென்று தெரிந்தது. அவர் நண்பர் முருகேசன் போனில் வந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் கண்ணை மூடியிருந்ததால் தூங்குவதாக அறிவழகன் நினைத்திருப்பார்.

"எங்கடா வார?"

"ஆலங்குடி பக்கம் வந்துட்டேன்."

"ஆத்தா சூடமெல்லாம் வாங்கி வச்சிருக்காம். போனதும் அணைச்சுச் சொல்லிருடா."

"அவரு அப்படிச் சொல்லலையேடா முருகேசா."

"சொல்லலைன்னா என்ன? ஒனக்குத்தான் சாமியே கெடையாதே. அணைச்சா ஒன்னய என்ன செய்யப் போகுது? நானா இருந்தா எனக்குக் கை வெளங்காமப் போயிரும். ஒனக்கு என்னடா பயம்?"

"பாக்குறேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. விஷயத்தைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

முருகேசன் ஏழு வருஷத்துக்கு முன் மீமிசலில் ரோஸ்லின் என்ற மீனவர் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முருகேசனின் அப்பா, "இனி அவன் வாசப்படி மிதிக்கக் கூடாது, எனக்குக் கொள்ளியும் வைக்கக் கூடாது" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரு நாள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மனைவி வள்ளிக்கண்ணு, அறிவழகன் அத்தை என்று கூப்பிடுபவர், அப்போது சந்தைக்குப் போயிருந்தார். பக்கத்திலிருந்த அறிவழகன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அறந்தாங்கிக்கு ஓட்டினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கொள்ளி வைத்தது பங்காளி மகன். முருகேசன் ரோட்டோரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த அன்றைக்கு மறுநாள் முதல் வருஷத் திதி. அதையாவது நான் கொடுக்கிறேன் என்று முருகேசன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "ஒங்கப்பா வேணாம்னு சொன்னவரு" என்று அம்மா மறுத்திருக்கிறார். வருத்தத்தில் மகன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: சாகும்போது கார்ல வச்சு அப்பா என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு, அறிவுகிட்டக் கேட்டுப் பாரு.

"அத்தை உடனே, அவன் சூடம் அணைச்சுச் சொல்லட்டும், நான் ஏத்துக்கிறேன்னுருச்சு. எங்க ஊர்ல ஒரு வார்த்தை மேல சந்தேகம் வந்தா அய்யனார் முன்னாடி சூடத்தைக் கொளுத்திக் கையால அணைச்சுச் சொல்லணும். பொய் சொன்னா அய்யனார் விடமாட்டாருன்னு நம்பிக்கை."

"முருகேசன் அப்பா என்னதான் சொன்னார்?"

"கூட்டிட்டு வான்னு சொல்லலைங்க" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தினமும் விளக்கேற்றாமல் காபி குடிக்காத நான், அந்தக் காரில் உட்கார்ந்து என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு குடும்பம் சேருமென்றால் சொல்லிவிடுங்களேன். உங்களுக்கென்ன போகிறது?" என்றேன்.

"நீங்க சொல்வீங்களாம்மா?"

"எனக்குப் பயமாக இருக்குமே."

அவர் சிரித்தார். "எனக்குப் பயமில்லைங்க. அணைச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாதுல்ல? அது நம்பி வாங்கிக்கும். நான் சொன்ன வார்த்தைய அவரு கடைசியாச் சொன்னதுன்னு நெனச்சுக்கிட்டுச் சாகுற வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" எதிரே வந்த லாரிக்கு வழி விட்டார். "சொல்லலைன்னா முருகேசன் மூஞ்சில முழிக்க முடியாது. அவன் எனக்கு ஒண்ணாப்புலேர்ந்து சேக்காளி."

அறந்தாங்கியைத் தாண்டும்போது உச்சி வெயில். ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போகப் போக அது தள்ளித் தள்ளிப் போனது. ஒரு பெரிய புளியமரத்தருகே மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஊர்ப் பாதையில் திரும்பினோம். ஊர் வருவதற்கு முன்பே ஏரிக்கரையில் அய்யனார் கோயில் வந்தது. கூரை இல்லை. மரங்களுக்கிடையே வரிசையாக மண் குதிரைகள்; சில புதிது, சில காது உடைந்தவை. பூசாரியும் இல்லை. ஒரு குதிரையின் நிழலில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நரைக்காத தலை, மடியில் சூடப் பொட்டலம்.

"சாப்பிட்டியா அறிவு?" என்றுதான் முதலில் கேட்டார். என்னைப் பார்த்து, "வாங்க, இப்படி நெழல்ல ஒக்காருங்க" என்றார்.

"ஊரக் கூப்புடலையா அத்தை?"

"ஊரு எதுக்கு? நான் கேட்டாப் போதும்."

வாழை இலைத் துண்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே காற்று மட்டும் நெளிந்தது. "சொல்லு" என்றார்.

அறிவழகன் கையை நீட்டவில்லை. எனக்கு, நீட்டிவிட வேண்டும் என்று ஒரு மனசு, நீட்டிவிடக் கூடாதே என்று ஒரு மனசு.

"அத்தை, நான் அணைக்க மாட்டேன். எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு ஒனக்குத் தெரியும். நான் அணைச்சா அது சும்மா. மாமா முருகேசனக் கூட்டிட்டு வரச் சொல்லல. அவன் ஏதோ வருத்தத்துல சொல்லிட்டான்."

வள்ளிக்கண்ணு அறிவழகனை ஏறிட்டுப் பார்த்தார். முகம் மெல்ல இறுகியது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருந்தது.

"ஒண்ணுமே பேசலையா மனுசன்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. பாதையிலேர்ந்து ரோட்ல ஏறுனோம்ல, புளியமரத்துக்கிட்ட. அங்கன கொஞ்சம் நிமிந்து ஒக்காந்து, மீமிசலுக்கு அங்கிட்டுத்தானே போகணும்னு கேட்டாரு. ஆமா மாமா, நம்ம இங்கிட்டு அறந்தாங்கி போறோம்னேன். அப்புறம் பேசல. அவரு என்ன நெனச்சுக் கேட்டாருன்னு எனக்குத் தெரியாது அத்தை. நானா எதையும் சேத்துச் சொல்லக் கூடாது."

ஏரியில் கொக்கு ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. வள்ளிக்கண்ணு சூடத்தையே பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து இந்த ரோட்ல நடந்த மனுசன். அவருக்கா வழி தெரியாது?" என்றார், யாரிடமும் இல்லாமல். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பிறகு, "நீ அணைச்சிருந்தா எனக்குச் சந்தேகமாத்தான் இருந்திருக்கும் அறிவு. அவன் சொல்லிக் குடுத்து வந்துருக்கேன்னு நெனச்சிருப்பேன்" என்றார்.

இலையில் சுடர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "தானா அணையட்டும்" என்று எழுந்து சேலையை உதறினார். "வண்டி மீமிசல்தானே போகுது? நானும் வாரேன்."

அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். புளியமரத்தடியில் பாதை ரோட்டில் ஏறும் இடத்தில் அறிவழகன் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார். வள்ளிக்கண்ணு அவர் பக்கம் திரும்பவில்லை.

"மீமிசலுக்கு அங்கிட்டுத்தானே போகணும்?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

வண்டி இந்த முறை அந்தப் பக்கம் திரும்பியது.

ஆவுடையார்கோயிலைத் தாண்டியபின் மரங்கள் குறைந்து வானம் பெரிதானது. உப்பு வாடையோடு காற்று வந்தது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது. தட்டையான வெளியில் வெளிச்சம் மட்டும் நகர்வதைப் பார்த்ததாக ஞாபகம். மீமிசலில் வலைகள் காயும் ஒரு தெருவில் வண்டி நின்றது. முருகேசன் ஓடிவந்து கிட்ட வராமல் நின்றுவிட்டார். வள்ளிக்கண்ணு அவரைத் தாண்டிப் போய், வாசலில் நின்ற ரோஸ்லினிடம், "நாளைக்கு ஒங்க மாமாவுக்குத் தெவசம். ரெண்டு பேரும் வெள்ளனவே வந்துருங்க" என்றார். பிறகுதான் மகனைப் பார்த்தார்.

அதற்குமேல் அங்கே நிற்பது அழகில்லை என்று நானும் அறிவழகனும் கடற்கரைக்குப் போனோம். அலையே இல்லாத கடல், மாலை வெளிச்சத்தில் ஏரி மாதிரிக் கிடந்தது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்து கிளம்பும்போது வள்ளிக்கண்ணு மடியிலிருந்த சூடப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "எனக்கு வேல முடிஞ்சுது. நீங்க கோயிலுக்குப் போறவங்க."

மறுநாள் சொன்னபடி அறிவழகன் என்னைக் கொடும்பாளூர் கூட்டிப் போனார். அன்று இரவு ரயில் ஏறினேன். தாம்பரத்தில் வீட்டுப் பூஜையறையில் அந்தச் சூடத்தில் ஒன்றை ஏற்றினேன். எனக்கென்று கேட்க வழக்கமாக நிறைய இருக்கும்; அன்று ஒன்றும் தோன்றவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்தில் அறிவழகன் என்று ஒருவர் கார் ஓட்டுகிறார், அவரைப் பார்த்துக்கொள் என்றேன். அவர் உன்னை நம்புவதில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ அவரை நம்பலாம்.