நிழலுக்குப் பிடித்த இடம்

எங்கள் கணக்குப் பிரிவு அண்ணனுக்கு வழுக்கைத் தலை, புடைத்த சட்டைப்பை. பை நிறைய டிஷ்யூ பாக்கெட்டுகள். மதியம் சாப்பாட்டுக் கடைக்கு முதல் ஆளாக ஓடி, சிங்கப்பூர் வழக்கப்படி மேசைமேல் ஆளுக்கொன்று வைத்து எல்லாருக்கும் இடம் பிடித்துவிடுவார்.

ஆபீசோடு புக்கிட் பாஞ்சாங் பக்கம் மரம் நடப் போனோம். முழங்கால் உயரக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, பக்கத்தில் ஒரு பாக்கெட்டை வைத்தார்.

"இங்க எதுக்குண்ணே?"

"நிழல்ல உக்கார இடம் புடிச்சிட்டேன் லா."

"நிழல் வர்றதுக்குள்ள உங்களுக்கு எண்பது தாண்டிடும்!"

"அப்ப உக்காரத்தானே வேணும்? ஓடவா போறேன்?"

சிரித்தோம். குப்பை போட்டதாக அபராதம் விழுமோ என்று பயந்து அவரே அதை எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஓய்வும் பெற்றுவிட்டார்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் நடந்தேன். கன்று தோளுக்கு வளர்ந்திருந்தது. அடியில் புத்தம்புது டிஷ்யூ பாக்கெட்டுகள், எங்கள் மதியக் கூட்டத்துக்கு ஆளுக்கொன்று.