கடலைக்காட்டு அடுப்பு

பேய், முனி, காத்து கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எனக்குச் சுர்ருன்னு கோவம் வரும்ங்க. சட்டம் படிச்சவன், சாட்சி எங்கேன்னு கேட்டே பழகினவன். அப்படிப்பட்ட என் வாயாலயே இதைச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அந்தக் கோவமும் சேர்ந்துதான் வருது.

எழுபதுகள்ல, சட்டத்துல மேல்படிப்பு படிச்சுக்கிட்டே லீவு நாள்ல பாலக்காட்டுல ஒரு சீனியர் வக்கீல்கிட்ட வேலை பாத்தேன். வேலைன்னா, அவரு கேஸுக்குத் தோதா பழைய தீர்ப்புகளைத் தேடிக் குடுக்கறது. கண்ணு பூத்துப் போற வரைக்கும் தேடறது நானு, கோர்ட்ல நின்னு பேர் வாங்கறது அவரு. போகட்டும், என் கோவம் அது இல்ல.

மீனாட்சிபுரம் பக்கம் மாராத்தாள்னு ஒரு அம்மா. ஒரு நிலத்துக்காரர் காட்டோரத்துல குடிசை போட்டு, அவர்கிட்டயே கூலி வேலை செஞ்சு குடியிருந்தவங்க. அப்படிக் குடியிருந்தா அந்தத் துண்டு நிலத்துல அவங்களுக்கு உரிமை உண்டுன்னு சட்டம் வந்துடுச்சு, குடிகிடப்புன்னு சொல்லுவாங்க. உடனே அந்த மனுசன் என்ன பண்ணினாரு? அந்தம்மா சந்தைக்குப் போன நேரமாப் பாத்துக் குடிசையைப் பிரிச்சு எறிஞ்சு, மண்ணை உழுது, கடலை போட்டுட்டாரு. அந்தம்மா கேஸ் போட்டா, கோர்ட்ல வந்து இங்க யாருமே குடியிருந்ததில்லைன்னு சாதிக்கறாரு. அவருக்கு வக்கீல் யாரு? என் சீனியர். நாசமாப் போறவங்க!

என்னைய என்ன தேடச் சொன்னாருன்னா, சமையல் நடக்காத இடத்தை வீடுன்னு ஒத்துக்க முடியாதுங்கற மாதிரி ஒரு தீர்ப்பு. வயித்தெரிச்சலோடதான் தேடினேன், கிடைச்சுத் தொலைச்சுது. சீனியர் அதைத் தூக்கிட்டுப் போயி, அங்க அடுப்பு இருந்த அடையாளம் காட்டினா நாங்க கேஸையே விட்டுடறோம்னு சவால் விட்டாரு. உழுத காட்டுல அடுப்பு எங்க இருக்கப் போகுதுங்கற திமிரு. எடத்தைப் பாத்துட்டு வரச் சொல்லிக் கோர்ட்டு இன்னொரு வக்கீலைக் கமிஷனரா அனுப்புச்சு, சீனியர் சார்பா நான் போனேன்.

நல்ல பகலுங்க. முந்தின நாள் பேஞ்ச மழையில கரிசல் மண்ணு செருப்பை விடமாட்டேங்குது, கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன். நிலத்துக்காரர் முன்னால நடந்துக்கிட்டே, "பாருங்க சார், கடலைச் செடியத் தவுர ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு இளிக்கறாரு. ஓங்கி ஒண்ணு விடலாம்போல இருந்துச்சு. அப்பத்தான் கஞ்சி கொதிக்கற வாசம் வந்துச்சு, சுத்துமுத்தும் ஒரு வீடு இல்ல. இன்னொரு எட்டு வெச்சேன், உள்ளங்கால் பொசுங்கிடுச்சுங்க! அலறிட்டேன். கமிஷனர் குனிஞ்சு மண்ணுல கை வெச்சாரு, வெடுக்குனு எடுத்துக்கிட்டாரு. கூட வந்த ஆளைத் தோண்டச் சொன்னா, கருப்பேறின மூணு அடுப்புக்கல்லு, நடுவுல, நம்பினா நம்புங்க, செக்கச்செவேல்னு தணல். அத்தனை மழை குடிச்ச மண்ணுக்கு அடியில. நிலத்துக்காரருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

கமிஷனர் அறிக்கையில கல்லை எழுதினாரு, தணலை எழுதல. எழுதினா அவரைப் பைத்தியம்பாங்க. கல்லே போதுமா இருந்துச்சு, எடம் மாராத்தாளுக்குன்னு ஆச்சு. "நீ தேடிக் குடுத்த லட்சணம்!"னு சீனியர் கத்தினாரு, போய்யான்னு வந்துட்டேன்.

நேரா அந்தம்மாகிட்டப் போயி, உங்க அடுப்பே உங்களைக் காப்பாத்திடுச்சுங்கன்னு சந்தோசமாச் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, நா மண்ணடுப்பு பூசித்தானுங்க ஆக்குனேன். கல்லுக் கூட்டி ஒருநாளும் ஆக்குனதில்லீங்க. நீங்க சொல்ற எடம் என்ர ஊட்டுக்கு வெளியங்க. எனக்கு முந்தி அங்க ஒருத்தி இருந்தாளாமுங்க. அவள எப்பத் தொரத்துனாங்கன்னு ஆருக்குந் தெரியாதுங்க."

அவளுக்காக எந்தக் கோர்ட்டுங்க கமிஷனரை அனுப்புச்சு? எந்தப் படிச்சவன் தீர்ப்பு தேடினான்? எத்தனையோ பேர்கிட்ட விசாரிச்சுட்டேன், அவ பேரு கூடக் கிடைக்கல. என் உள்ளங்கால்ல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா காட்டறேன். எங்கயாவது கஞ்சி கொதிக்கற வாசம் வந்தா, இப்பவும் அது சுட ஆரம்பிக்குதுங்க.