தகவல் வந்துச்சா, அமலி?

இன்று காலை மருமகள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்து என் ராசிக்குப் பலன் வாசித்தாள். "அத்த, ஒங்களுக்கு வெளிநாட்லேர்ந்து எதிர்பார்த்த தகவல் வந்து சேருமாம்." எனக்கு வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? மூட்டுவலி மாத்திரைகூட உள்ளூர்க் கடையில் வாங்குவதுதான். சிரித்துவிட்டுக் குடிக்கப் போனேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தகவல் என்ற சொல்லோடு ஈர மண் வாசனையும் வந்துவிட்டது.

மழை பெய்ததும் வருமே, அந்த வாசனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பீங்கான் பொம்மைக்காக அச்சில் ஊற்றுகிற வெள்ளை மண். லேசாகப் புளித்த வாடை அடிக்கும். விருத்தாசலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்த வாடையில்தான் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. பிள்ளையாருக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பஞ்சுதான்.

அங்கே எங்களுக்கென்று ஒரு ஜோசியம் இருந்தது. கிளிக்காரரும் வேண்டாம், குடுகுடுப்பைக்காரரும் வேண்டாம். மனசில் ஒன்றை நினைத்து, மிச்ச மண்ணில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை பிடித்து, சூளையில் அடுக்கும்போது மூலையில் வைத்துவிடுவோம். முழுசாக வெந்து வந்தால் காரியம் ஜெயம். விரிசல் விட்டால் இல்லை. பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் ஆபரேஷன் எல்லாம் அந்த மூலையில் வெந்தன. என் கல்யாணத்துக்கு வைத்த பொம்மை ஒரு கீறல் இல்லாமல் வந்தது. என் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் இருந்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு சூளையை நம்பியிருக்க மாட்டார்கள். நான் நம்பினேன்.

அமலி மட்டும் வைக்க மாட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்தவள்; கம்மாபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். அவ்வப்போது மண் கையோடு சிலுவை போட்டுக்கொள்வாள். நெற்றியில் வெள்ளைத் தடம் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை இருக்கும். அவள் வீட்டுக்காரர் அந்தோணி, மங்கலம்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கட்டட வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் வரும். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு கடைக்காரர் அவளைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தார். அனுப்பிவைத்தவரைக் கேட்டால், 'இப்போ அந்த எடத்துல இல்லியாம்' என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

காலையில் அவள் பையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே நாங்கள் கேட்போம். "தகவல் வந்துச்சா, அமலி?"

"இல்லக்கா. ஆண்டவருக்குத் தெரியும்."

சூளையில் அடுக்குகிற வசந்தாவுக்கு இது பொறுக்கவில்லை. நல்ல மனசுக்காரி, அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஒரு பொம்ம வெச்சிப் பாத்துடேன்டி. இருக்காரா இல்லியான்னாவது தெரிஞ்சிடும்ல?"

அமலி பஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "வேணாங்க்கா. நாளைக்கி என்னன்றது ஆண்டவர் கையில இருக்குது. அத நான் திருட்டுத்தனமா எட்டிப் பாத்துட்டு, அப்பறம் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு அவருகிட்ட வேண்டுவேன்?"

வசந்தா அன்று மத்தியானமே அந்தோணிக்கு ஒரு பொம்மை பிடித்தாள். தலை, உடம்பு, அவ்வளவுதான். சூளை மூடுகிற நாள் என்பதால் அவசரமாக மூலையில் வைத்துவிட்டாள். அமலியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சூளை ஆறித் திறந்தபோது அது கழுத்திலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது.

ஈரம் காயாத மண் நெருப்பில் வெடிக்கும். இது எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்குச் சம்பளம் கொடுத்ததே அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான். சரியாகக் காயாத ஒரு கிண்ணம் அடுக்க வந்தாலே வாய்க்கு வந்தபடி திட்டுகிற வசந்தா, அந்தத் துண்டுகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு அழுதாள். எங்களுக்கும் மண் நினைவு வரவில்லை, அந்தோணியின் நினைவுதான் வந்தது.

மறுநாள் அமலி வந்தாள். யாரும் தகவல் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குத் தங்கள் குழம்பிலிருந்து நல்ல மீன் துண்டாகப் பார்த்து அவள் டிபனில் வைத்தார்கள். எத்தனை நாள் பொறுத்தாளோ, ஒரு மத்தியானம் டிபனை மூடிவிட்டுக் கேட்டாள்:

"ஏன் இப்பல்லாம் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க?"

வசந்தா எழுந்து கை கழுவப் போனாள். அமலி அவளைப் பார்த்தாள், பிறகு சூளையைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அவரு பாட்டுக்கு எங்கியோ இருக்காரு. நீங்கல்லாம் சேந்து பொதைச்சிட்டீங்களா?"

குரல் உயரவேயில்லை. டிபனைப் பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது கேளுங்கக்கா. யாராவது கேட்டாத்தான் அவரு இருக்கற மாதிரி இருக்குது."

கேட்டேன். கம்பெனி மூடுகிற வரை தினமும் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அந்தப் பிளந்த பொம்மை கண்ணில் நிற்கும்; அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவளோ நேராக என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அந்தப் பார்வைக்கு எனக்குப் பயம். அத்தனை பேர் சேர்ந்து கொன்றுவிட்ட மனிதரை அவள் ஒருத்தி உயிரோடு வைத்திருந்தாள்.

பிறகு அவள் சேத்தியாத்தோப்பில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். போனிலும் முதல் பேச்சு அதுதான். "இல்லக்கா. ஆண்டவருக்குத் தெரியும்." போன மாசியில் தம்பிதான் பேசினான். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தோணியைப் பற்றிக் கடைசிவரை ஒரு சேதியும் இல்லை.

சூளை இருந்த இடத்தில் இப்போது பைக் விற்கிறார்கள். வசந்தாவும் இல்லை. மூலையில் பொம்மை வைத்துப் பலன் பார்த்த கதையைச் சொன்னால் மருமகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், கைப்பேசியைக் கீழே வைக்காமல்.

அந்தோணி இருந்தாரா, இல்லையா? ஆண்டவரிடமே போய்ச் சேர்ந்த அமலிக்கு இதற்குள் தெரிந்திருக்கும். காபி ஆறிவிட்டது. மருமகள் உள்ளே போனதும், கம்பெனியில் அமலி உட்கார்கிற பக்கமாகத் திரும்பி, பழைய பழக்கத்தில் மெதுவாகக் கேட்டேன். "தகவல் வந்துச்சா, அமலி?"

முதல் முறையாக அவள் 'இல்லக்கா' என்று சொல்லவில்லை.