பெட்டியை எடுக்க மாட்டேன் என்றேன்

திரையில் மேலே எழுத்துத் தட்ட ஒரு பெட்டி, கீழே ஒரு பட்டியல். பம்புசெட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு நான் செய்துகொடுத்தது அவ்வளவுதான். அந்தப் பெட்டியைத் தூக்கிவிடச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை.

1. அக்கா எழுதும் விதம்

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. மோட்டார் ரீவைண்டிங் செய்துகொண்டே, வீடியோ பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகியவன். போனில் புகார் எடுக்கும் ஷம்சாத் அக்கா பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்து கேட்டதுதான் என் டிசைன் படிப்பு.

'லோ டிஸ்சார்ஜ்', அதாவது தண்ணீர் குறைவு, என்றெல்லாம் கம்பெனி பாஷையில் எந்த விவசாயியும் சொல்வதில்லை. "ஏனுங்கம்மணி, மோட்டாரு சளி புடிச்சாப்ல கொர்ருங்குதுங்க" என்பார் ஒருவர். "தண்ணி துப்பித் துப்பி வருதுங்க, பல்லு போன கெழவனாட்ட" என்பார் இன்னொருவர். அக்கா அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுவார். பழைய குறிப்பைத் தேடுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான்.

அதனால் தேடவும் எழுதவும் ஒரே பெட்டி வைத்தேன். தட்டத் தட்ட, அந்த எழுத்துகள் உள்ள குறிப்புகள் மட்டும் கீழே நிற்கும். ஒன்றும் இல்லையென்றால் என்டர் அடித்தால் போதும், தட்டியதே புதுக் குறிப்பு. எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். 'நியூ' இல்லை, 'சேவ்' இல்லை, ஃபோல்டர் இல்லை.

2. என் தப்பு

முதலில், என்டர் அடித்தால் கிட்டத்தட்டப் பொருந்துகிற பழைய குறிப்பு திறக்கும்படி வைத்திருந்தேன். அது வேகம் என்று நினைப்பு. ஒருநாள் பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவரின் புகார், அதே பெயருள்ள பல்லடத்துக்காரரின் குறிப்பில் போய் ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் பல்லடத்துக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றிப்போட்டார்.

மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? இதுக்குத்தான் ஃபார்ம் வேணும்ங்கறேன். தாலுகா, மாடல், புகார் வகை, எல்லாம் ட்ராப்டவுன், லிஸ்ட்டுல இருக்கறதத்தான் எடுக்கோணும். திங்கக்கிழமை உன்ற பெட்டியத் தூக்கிப்போடு."

"தப்பு என்னுதுங்க சார், பெட்டியோடது இல்லீங்க. இனி என்டர் அடிச்சா எப்பவும் புதுசுதானுங்க. பழசு வேணும்னா அம்புக்குறி அமுக்கி எறங்கோணும். மாத்திப்போட்டேனுங்க."

"பேச்சுக்குக் கொறச்சலில்ல" என்றார்.

3. திங்கட்கிழமை

ஃபார்ம் வந்தது. மேனேஜரே அதன் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் அக்கா இன்னும் பெட்டியோடுதான் இருந்தார். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார். அவிநாசிப் பக்கத்து விவசாயி.

"அம்மணி, மோட்டாரு உறுமுதுங்க, சுத்த மாட்டேங்குது. ஸ்விட்சப் போட்டுட்டுத்தான் பேசறேன்."

மேனேஜர் தாலுகாவைத் தேடிப் பிடித்துவிட்டு, "மாடல் நம்பர் சொல்லுங்க" என்றார்.

"அது கெணத்துக்குள்ள இருக்குதுங்க சார். எறங்கிப் பாத்துட்டு வாரட்டுங்களா?"

அதற்குள் அக்கா 'உறுமுது' என்று தட்டியிருந்தார். நாலு பழைய குறிப்புகள். மூன்றில், மும்முனைக் கரண்டில் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று இருந்தது. ஒன்றில் அப்படியே ஓடவிட்டு, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான 'காயில்' கருகியிருந்தது.

"அண்ணா, மொதல்ல மோட்டார நிறுத்துங்க! ஒரு ஃபேஸ் வரலையாட்ட இருக்குது. ஃபியூஸப் பாக்க லைன்மேனக் கூப்புடுங்க."

"நிறுத்திப்போட்டேனுங்க" என்று குரல் வந்தது. மேனேஜரின் ஃபார்மில் 'உறுமுது' இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"சரிப்பா. ஆனா எந்தப் புகார் எத்தனைன்னு ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகோணுமல்ல? பெட்டிய எடுத்துரு."

"எடுக்க மாட்டேனுங்க சார். வேணும்னா என்னையத் தூக்குங்க."

அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேனேஜர் முன்னால் வைத்தார். "பெட்டி போறதுன்னா இதையும் நீங்களே மாட்டிக்குங்க சார்."

மறுபடி போன் அடித்தது. மேனேஜர் ஹெட்செட்டைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மூன்றாவது மணியில் ஹெட்செட்டை அக்கா பக்கம் தள்ளி, "போன எடும்மா" என்றார்.

பெட்டி அங்கேயே இருக்கிறது; ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட்டை அந்தக் குறிப்புகளிலிருந்தே நான் எடுத்துக்கொடுக்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை. புதிதாக ஸ்கிரீன் வரைய வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட் கேட்பவர் சாயங்காலம் வரை காத்திருப்பார். காயில் கருகப்போகிறவர் போனில் நிற்கிறார். ஸ்கிரீன் அவருக்கு. அதைத் தூக்கச் சொன்னால், வேலையே போனாலும் வாயை மூடிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.