முன்சக்கரம் தரையை விட்டபோது

இதில் ஒரு கிழத் துரையைப் பற்றி வரும் சம்பவத்தைப் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். புதுச்சேரியில் புஷ்புஷ் வண்டி தள்ளிய எவனும் சந்தேகப்படுவான். மூன்று சக்கரம் வைத்த நாற்காலி அது. திருப்பும் கைப்பிடி உட்கார்ந்திருப்பவர் கையில். பின்னால் நின்று தள்ளுவது நாம். முதலாளி திருப்பிய பக்கமெல்லாம் வேலையைத் தள்ளிக்கொண்டு போன உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள்

யுத்த காலம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. திருத்தணியிலிருந்து என்னை அங்கே கூட்டிப்போனவர் என் அக்காள் புருஷன் முனுசாமி பாவா. ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய பழக்கத்தில் நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். மேஸ்திரி பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா தம்பி, மாட்டுக்குப் பதிலா உன்னையே பூட்டிக்கலாம்னு நின்னுகினு இருக்கியா? பின்னால வா.”

மீன் கூடை

வேட்டிக்கு மேல் கோட்டும் தலையில் தொப்பியுமாக என் வண்டியில் ஒரு கோர்ட்டு குமாஸ்தா. சந்தையில் யாருக்கோ வணக்கமாகத் தொப்பியைத் தூக்கினார், கைப்பிடி கோணியது. வண்டி மீன் கூடைமேல் ஏறியது. மீன்காரி அவரைத் தாண்டி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “திருப்பினது அவர்தாம்மா” என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “தெரியும்டா தம்பி. அவரைத் திட்டினா போலீசு வரும். கொஞ்ச நேரம் நீ வாங்கிக்க.”

பாவாவின் துரை

பாவா தள்ளியது புதுச்சேரியிலேயே பிறந்த ஒரு கிழப் பிரெஞ்சுத் துரையை. மனைவி இறந்த பிறகு, சாயங்காலம் கடற்கரைக்குப் போய்வருவது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். கண் மங்கிக்கொண்டு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாவா கண்டுகொண்டார், காட்டிக்கொள்ளவில்லை. பின்பிடியைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும், வண்டி தள்ளுகிறவன் இஷ்டத்துக்குத் திரும்பும். துரை, தாமே ஓட்டுவதாக நினைத்து உட்கார்ந்திருப்பாராம்.

யுத்தம் முடிந்ததும் சைகோனிலிருந்து மகன் வந்தான். கண் போனது உண்மையென்றால் அப்பாவைத் தன்னோடு கப்பலேற்றிவிடுவது என்று இருந்தான். பிறந்த ஊரை விட்டால் செத்துப்போவேன் என்று துரை புலம்பிக்கொண்டிருந்தார். மகன் வாசலில் நின்று ஓட்டிக்காட்டச் சொன்னான். தெருமுனையில் ஒரு கட்டைவண்டி குறுக்கே நின்றது. பாவா அழுத்தினார்; வண்டி அதைச் சுற்றித் திரும்பி வாசலுக்கே வந்தது. மகன் சொன்னது இது: “என்னைவிட அப்பாவுக்கு நல்லாத் தெரியுது, முனுசாமி. இங்கேயே இருக்கட்டும்.”

தேங்காய்க்கடை

சக்கரம் எழும்பினால் நாற்காலி பின்னால் சாயும். கைப்பிடி கையில் லேசாகிவிடும். உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமல் போகவே போகாது. ஆகவே பாவா கதை அளக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

போன ஆடிக் கிருத்திகையன்று, திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் தம் தேங்காய்க்கடையில் பாவா இதே கதையை ஒரு காவடிக்காரருக்குச் சொல்லி, “கடைசி வரைக்கும் துரைக்குத் தெரியாது” என்று சிரித்தார். காவடிக்காரர் போனதும், அன்றுதான் தோன்றியதைக் கேட்டேன்:

“தெரியாத மாதிரி நடிச்சது நீங்க மட்டும்தானா, பாவா?”