நான் தேய்த்து அழித்த தழும்பு

வெண்கல வார்ப்புப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்றுதான்: கோடு தெரிந்தால் தேய். உருவத்தைத் துண்டு துண்டாக வார்த்து வெல்டிங் செய்து ஒட்டுவோம். ஒட்டிய இடம் கோடாகத் தடித்து நிற்கும். அதைத் தேய்த்து, ஒட்டே தெரியாமல் ஆக்குவது ஃபினிஷரின் வேலை. மேற்கு ஆக்லாந்தில் பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். கடைசிவரை பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த பெரிய பிழையை எழுதுகிறேன். கெட்டித்தனத்தை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1

மரிசோல் மெக்சிகோக்காரர். சிற்பி, மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் அச்செடுப்பவரும்கூட. ஏவன்டேலில் ஒரு வாடகை கராஜில் இரண்டு வேலையும் நடக்கும். பாபகூராப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பின் தோட்டத்துக்காக அவர் செய்து, எங்கள் பட்டறையில் வார்த்த உருவத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். பாவாடை, குட்டைச் சட்டை, இடையில் திறந்த வயிறு.

தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு தடித்து நின்றது. தேய்த்தேன். கையால் தடவிப் பார்த்து எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மரிசோல் வந்தார். சிலையின் வயிற்றில் கை வைத்துத் தடவித் தேடினார். பேசியது ஆங்கிலம், என் தமிழில் தருகிறேன்.

“எங்க?”

“என்னது?”

“இது என்ர அம்மா. நான் வெளியில வந்த வழி எங்க?”

அது சிசேரியன் தழும்பு. எனக்கும் அதே இடத்தில், அதே போல நெடுக்காக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மூத்த மகள் பிறந்தபோது அவசரமாகக் கீறியது. தினமும் குளிக்கும்போது கையில் படுகிற கோடு. வெண்கலத்தில் கண்டதும் அதை வேலைப் பிழை என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட என்மேல் கோபம் கோபமாக வந்தது.

2

முதலாளி கிரெக் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நல்லதாப் போச்சு. கஸ்டமர் ரெண்டு தரம் அந்தக் கோட்டை எடுக்கச் சொல்லிக் கேட்டவை. இவதான் மாட்டன் எண்டு நிண்டவ. வார்க்கேக்கயே வரேல்லை எண்டு சொல்லு. இனி வெல்டிங் வைச்சா வயிறு வளைஞ்சிடும் எண்டும் சொல்லு. வெள்ளிக்கிழமை கிரேன் வருது.”

பட்டறையில் சிலைகளுக்கு நிறம் ஏற்றும் குமரன், மதுரைக்காரர், எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். “அக்கா, கம்முனு இருங்க. வீட்டு மார்ட்கேஜ் இருக்குல்ல? அந்தம்மா ரெண்டு நாள் கத்துவாங்க, அப்புறம் போயிடுவாங்க.”

“ஓம், மோட்கேஜ் இருக்கு. எனக்கு வாயும் இருக்கெல்லோ,” என்றேன்.

அதற்குள் கிரெக் மரிசோலிடம் போய், வார்ப்பில் வரவில்லை என்று தொடங்கிவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன்.

“பொய். வார்ப்பில வடிவா வந்தது. நான்தான் தேய்ச்சனான். நானே திருப்பி வைக்கிறன். வளையாது.”

கிரெக்கின் முகம் காதுவரை சிவந்தது. “வைச்சா திங்கட்கிழமை நீ வரத் தேவையில்லை.”

“அப்ப வெள்ளிவரைக்கும் நேரம் இருக்கு,” என்று சொல்லி வெல்டிங் மெஷினைப் போட்டேன்.

வார்ப்புக்கான களிமண் உருவத்தை எப்போதோ உடைத்தாயிற்று; தழும்பு இருந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி? மரிசோல் காரிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்து வந்தார். சிலை செய்வதற்கு முன்பே, அதே அளவில், அம்மாவைப் பலகையில் செதுக்கி எடுத்த அச்சு. அச்சில் இடது பக்கம் வலது பக்கமாக விழும் என்பதால் தாளைத் திருப்பி வயிற்றில் வைத்துப் பிடித்தார். பின்பக்கம் கசிந்திருந்த மையைப் பார்த்து, தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி வெண்கலத்தில் சோக்கால் கோடு கீறினேன். தழும்பு நேராக இறங்கி, கீழே கொஞ்சம் இடப்பக்கம் கோணியது.

“எவ்வளவு தடிப்பு?” என்று கேட்டேன். தாளில் அது தெரியாதே.

மரிசோல் விரல்களைக் காற்றில் உரசிப் பார்த்தார். “சின்னப் பிள்ளையில தொட்டது. களிமண்ணில கை தன்பாட்டில வைச்சது. அம்மாவும் இல்லை. ஞாபகம் வருகுதில்லை,” என்று அழுதார்.

நான் கையுறையைக் கழற்றினேன். ஓவரோல் உடுப்புக்குள் கையை விட்டு என் வயிற்றில் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அந்தத் தடிப்புக்குத்தான் வெண்கலக் கம்பியைச் சொட்டுச் சொட்டாக உருக்கி வைத்தேன். சூடு ஏறாமல் இருக்க, நிறுத்தி நிறுத்தி, ஒன்றரை நாள் எடுத்தது. கடைசியில் கிரைண்டரைத் தொடவில்லை. குமரன் வந்து குனிந்து பார்த்தார். “அக்கா, இந்த எடத்துல மட்டும் கலர கொஞ்சம் வெளுப்பா விடட்டா?”

3

வெள்ளிக்கிழமை குடியிருப்பின் மேலாளர் ஃபைலோடு வந்தார். நாற்பது வயதுப் பெண். வயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இது வேண்டாம் எண்டு சொன்னனாங்களெல்லோ. பாக்கிறவைக்கு ஒரு மாதிரி இருக்கும். தேய்ச்சு விடுங்கோ.”

மரிசோல் வாயைத் திறக்குமுன் நான் முன்னால் போனேன்.

“தழும்பின்ர அளவு என்ர. தேய்க்கிறதெண்டா இஞ்ச தொடங்குங்கோ,” என்று என் வயிற்றில் கையை வைத்தேன்.

மேலாளர் என்னைப் பார்த்தார். சிலையின் தழும்பைப் பார்த்தார். பிறகு ஃபைலில் கையெழுத்துப் போட்டு, கிரேன்காரரிடம் தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். “வர வேண்டாம் எண்டு சொன்னனான்,” என்றார் கிரெக்.

“ஓம், கேட்டது,” என்று பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அங்கேதான் இருந்தேன்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். கோட்டைக் கண்டதும் தேய்க்காதீர்கள். யாருடையது என்று கேளுங்கள். கேட்காமல் தேய்த்துவிட்டால் அதை வாய் திறந்து சொல்லுங்கள், உங்கள் கையாலேயே திருப்பி வையுங்கள். யார் வேண்டாம் என்றாலும் வையுங்கள்.